மண்மேட்டில் இறக்கிய முடி

விடிந்தும் விடியாத வேளை. சவரக் கத்தி வைத்த தோல் பையோடு ஒரு நாவிதர். இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒருத்தி. அவள் பின்னால் பித்தளைச் செம்பும் மஞ்சள் துணியுமாக இன்னொருத்தி. துரைமார் உலாவ வருகிற பூங்காவின் வாசலில் இப்படி மூன்று பேர் போய் நின்றால் எந்தக் காவல்காரன்தான் கதவைத் திறப்பான்?

அந்தத் தர்வானும் திறக்கவில்லை. தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தான். அவன் மீசைக்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். நாவிதரின் பையைத் தடியால் தட்டி, "இதுல என்ன?" என்று இந்தியில் கேட்டான்.

செம்பு வைத்திருந்தவள் நான். பிள்ளையை வைத்திருந்தவள் என் ஓரகத்தி சௌந்தரம். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவள் இடுப்பில் துவண்டு கிடந்தது அவளுடைய ஒரே மகள் வள்ளி. வைகாசி மாதத்துப் புழுக்கம் அந்த நேரத்திலேயே தொடங்கிவிட்டது. பிள்ளையின் தலையில் கட்டியிருந்த ஈரத்துணி வழியிலேயே காய்ந்துபோய், சீழ் வாடை எனக்கு எட்டி அடித்தது.

அப்போது எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் கத்தரிக்காய்க்காரனிடம் சண்டை போடுகிற இந்திதான். அதில் சாமிக்கும் நேர்த்திக்கடனுக்கும் வார்த்தை கிடையாது. "பச்சி, பால், பகவான்" என்றேன். பிள்ளை, முடி, சாமி. அவனுக்கு என்ன புரிந்ததோ, தடியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவன் அங்கேயே கொஞ்சம் நிற்கட்டும். நாங்கள் ஏன் அந்த வாசலுக்குப் போனோம் என்று சொல்லாமல் கதவைத் திறந்துவிட எனக்கு மனசில்லை. போன வாரம் கிடர்பூர் வீட்டு மாடிப்படியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மருமகள், "அத்தை, நீங்க படியிலிருந்து இறங்கவே ஒரு அத்தியாயம் ஆகுது" என்றாள். ஆகட்டுமே. எழுபதைத் தாண்டினவள் பையத்தான் இறங்குவாள்.

செய்து வைத்த மலை

கல்கத்தா தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதுதான் ராஜதானி. டிராம் வண்டிக்குக் குதிரை போய் மின்சாரம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் கிடர்பூர் வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் கண்ணுக்கு உயரமாகத் தெரிவது துறைமுகத்துக் கப்பல்களின் கொடிமரம் ஒன்றுதான். திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் நின்றாலும் தலைக்கு மேலே பாறை பார்த்து வளர்ந்தவள் நான். வந்த புதிதில் அந்த ஊரில் எனக்குத் திக்குத் திசையே தெரியவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு மலையைச் செய்து வைத்திருந்தார்கள். செய்து வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய குளம் ஒன்று வெட்டினார்களாம். வெட்டின மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தவித்தபோது, சீமையில் பேரெடுத்த கட்டடக்கலைத் துரை ஒருவர், "ஒரு கூடை மண்ணும் வெளியே போகக்கூடாது, இங்கேயே குவியுங்கள், நான் மலையாக்கித் தருகிறேன்" என்று படம் போட்டுக் கொடுத்தாராம். பாறைகளைக்கூட ரயிலில் வரவழைத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டு முகம். ரயிலில் எது வந்தாலும் அவருக்குத் தெரியும், அல்லது தெரிந்த மாதிரிச் சொல்லுவார்.

பாஹாட் பாகான் என்றுதான் ஊரில் பேச்சு. மலைத்தோட்டம். நேராக ஏறினால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடுகிற உயரம். துரை கெட்டிக்காரர். பாதையைச் சுற்றிச் சுற்றி விட்டு, ஒரு திருப்பத்தில் குளத்தைக் காட்டி, அடுத்த திருப்பத்தில் அதை மூங்கிலால் மறைத்து, பாறை இடுக்கிலெல்லாம் குளிர்ப்பிரதேசத்துச் செடிகளைச் செருகி, ஏறுகிறவனுக்கு ஏதோ பெரிய மலையேறிய களைப்பைக் கொடுத்துவிட்டார். உச்சியில் எட்டுத் தூண் வைத்த வெள்ளை மண்டபம். ராணி சிலை, பீரங்கி என்று எதையாவது வைக்காமல் விட மாட்டார்களே, அந்த மண்டபத்துக்குள் ஒன்றுமே இல்லை. காற்றும் வெளிச்சமும் மட்டும்தான்.

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். ஆகா, அந்தக் கூட்டத்தை எப்படிச் சொல்ல! டார்ஜிலிங் போக வசதியில்லாத வங்காளிகள் அத்தனை பேரும் சால்வையும் கம்பளிக் காலுறையுமாக அங்கே வந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேடு கொஞ்சம் ஏறியதும், "ஆஹ், என்ன காற்று!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சௌந்தரம் சிரிக்கவில்லை. அடிவாரத்தில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர், அதாவது நாங்கள் பெரியவர் என்று சொல்லுகிற என் மூத்த மைத்துனர், அதைப் பார்த்துவிட்டார்.

"குன்று இருக்கிற எடமெல்லாம் குமரன் இருப்பான்னு கும்புடுறாளாக்கும். துரை வெட்டிப் போட்ட குப்பைமேடுடி இது."

"கால் வைக்கப் போறோம்ல. தொட்டுக்கிட்டா என்ன கொறஞ்சு போகுது?" என்றாள் சௌந்தரம். அதற்கு மேல் அவள் எப்போதும் பேசுகிறவள் இல்லை.

முதல் முடி

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் முடி பழனிக்கு. பிறந்த முடியைக் கத்தி படாமல் வளர்த்து, பழனி மலையில் கொண்டுபோய் இறக்கின பிறகுதான் வேறு யாரும் அந்தத் தலையைத் தொடலாம். அந்த முடி பிள்ளையுடையது இல்லை, பெற்றவர்களுடையதும் இல்லை. அவனுடையது. நாம் வெறுமனே சுமந்துகொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் ஊரில் இருந்தால் சுலபம். வண்டி கட்டினால் போய்விடலாம். கல்கத்தாவிலிருந்து கரக்பூர், வால்டேர், சென்னைப்பட்டணம் என்று ரயில் மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் பிள்ளைக்கு இன்னொரு பல் முளைத்துவிடும். லீவு வேறு கிடைக்க வேண்டும். பெரியவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில், கப்பல் சரக்கு இறக்குகிற ஒரு கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். துர்க்கா பூஜைக்குத்தான் அங்கே லீவு என்ற சொல்லே வாயில் வரும்.

வள்ளிக்கு முன்னால் சௌந்தரத்துக்கு ஒரு பையன் இருந்தான். நான் கல்யாணமாகிக் கல்கத்தா போவதற்கு முந்தைய கதை இது. பையனுக்கு முடி தழைத்துக் கண்ணை மறைத்தது. கோடை வேறு. "பழனிக்கு அப்புறம் போய்க்கலாம். முடி என்ன, திரும்ப முளைக்காதா?" என்று பெரியவரே தெருவில் போன நாவிதரைக் கூப்பிட்டு உட்கார்த்திவிட்டார். அந்தக் கோடையிலேயே காலரா வந்தது. அந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் போயின. அவர்கள் வீட்டிலும் போயிற்று.

காலரா முடியைப் பார்த்தா வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன், மனசுக்குள். ஆனால் சௌந்தரம் ஒரு நாளும் புருஷனைப் பார்த்து, உங்களால்தான் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரும் எதிர்த்து நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பார். அவள் சொல்லாததால் அது அந்த வீட்டில் அப்படியே கிடந்தது.

அதற்குப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் வள்ளி. அவள் முடியை யாரும் தொடவில்லை. மூன்று வயதில் இடுப்புக்குக் கீழே சுருண்டு விழுந்தது. கீழ்வீட்டு வங்காளி அம்மாள், "காளி மாதிரி இருக்கா உங்க குக்கி" என்று கொஞ்சுவாள். குக்கி என்றால் சின்னப் பெண்.

டாக்டர் பாபு சொன்னது

அந்த வைகாசியில் பிள்ளையின் தலையில் கொப்புளம் கிளம்பியது. முதலில் வேனல் கட்டி என்று நினைத்தோம். வேப்பிலை அரைத்துப் போட்டால் முடிக்குள் இறங்கவே இல்லை. கட்டி உடைந்து, சீழும் முடியும் ஒட்டி, தலை முழுக்க அடை மாதிரி ஆகிவிட்டது. சீப்பை எடுத்தாலே பிள்ளை அலறும். பிறகு அலறுவதை நிறுத்திவிட்டது. காய்ச்சல் ஏறியது.

டாக்டர் பாபு ஒரு சாயங்காலம் வந்தார். பருத்த உடம்பு, சின்னக் குரல். தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெரியவரிடம் இங்கிலீஷில் பேசினார். பிறகு எங்களுக்கும் புரியட்டும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். விஷம் ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை வந்து கட்டிகளைக் கீறி விடுவேன். அப்போது தலையில் ஒரு முடி இருக்கக்கூடாது. இருந்தால் கத்தி வைக்க மாட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பார்ப்பதற்கு நேரம் இருக்காது.

"முடியாது" என்றாள் சௌந்தரம்.

டாக்டர் அவளைப் பார்த்தார். "மா, பிள்ளை போய்விடும்."

"பழனிக்குச் சேர வேண்டியத வழியில வச்சுப் புடுங்கிக் குடுத்தா, அவன் பிள்ளையவே எடுத்துக்குவான். ஒரு தடவ எடுத்துட்டான். போதும்."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் முகம் தெரிந்தது. பெரியவர் மொழிபெயர்க்கவில்லை. அதட்டியிருக்கலாம். அந்தக் காலத்து ஆம்பிளை, பெண்டாட்டியை ஒரு வார்த்தையில் அடக்கியிருக்கலாம். முதல் பிள்ளைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையே அவர் தொண்டையில் கிடந்தது.

டாக்டர் போன பிறகு பெரியவர் சுவரைப் பார்த்துப் பேசினார். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டியிடம் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை, சுவரிடம் சொல்லுவார்கள், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். "லீவு கேட்டாச்சு. பூஜைக்கு முந்தி கெடையாதுன்னுட்டான். கெடச்சாலும் இந்த உடம்ப ரயில்ல ஏத்த முடியுமா? யாராச்சும் எடுத்துச் சொன்னாத் தேவலை." சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றது. ராத்திரி வேலை. படியில் அவர் இறங்கின சத்தம் ஒவ்வொரு படியாக நின்று நின்று கேட்டது.

நான் என்ன எடுத்துச் சொல்ல! எனக்கு அப்போது இருபதுகூட ஆகவில்லை. சௌந்தரம் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்கு விசிறினேன். விசிற விசிற எனக்குக் கோபம் வந்தது. முருகன் மேலேயே கோபம். பச்சைப் பிள்ளையிடம் என்ன கறார் வேண்டிக்கிடக்கு? அந்தக் கோபத்தில்தான் வாயில் வந்தது.

"அக்கா, பெரியவுக அன்னைக்குக் கேலியாச் சொன்னாகளே, குன்று இருக்கிற எடமெல்லாம்னு. கேலியாச் சொன்னாலும் சொல்லு பழசுதானக்கா."

அவள் திரும்பவில்லை. "அது குளத்து மண்ணு மரகதம்."

"பழனி மட்டும் என்ன பொன்னா? அதுவும் மண்ணும் கல்லுந்தான். அவன் வந்து நின்னான், மலையாச்சு."

விளக்கில் எண்ணெய் குறைந்ததும் நான் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். முதல் காக்காய் கத்தியபோது எழுந்து பார்த்தால், சௌந்தரம் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையைப் பிழிந்து உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாகப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெருமுனை நாவிதனக் கூப்புடு. வண்டி ஒண்ணு சொல்லு. டாக்டரு வாரதுக்குள்ள திரும்பிறணும்."

கதவு திறந்தது

தர்வானை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தேன் இல்லையா? என் இந்தி அவனிடம் செல்லவில்லை. நாவிதர்தான் முன்னால் போய், "முண்டன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிள்ளைக்கு மொட்டை போடுகிற சடங்கு. பீகார்க்காரனான அவனுக்கு அந்த வார்த்தை போதும். தடி இறங்கியது.

"முண்டன் என்றால் கங்கைக்கரைக்குப் போகணும். இங்கே எதுக்கு வந்தாங்க?"

"இவங்க மதராஸ் தேசம். இவங்க சாமி மலை மேலதான் இருக்குமாம்" என்றார் நாவிதர், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

தர்வான் சௌந்தரத்தின் பக்கத்தில் வந்து பிள்ளையின் தலைத்துணியை விரலால் விலக்கிப் பார்த்தான். "ராம் ராம்" என்று உடனே மூடினான். பிறகு கதவைத் திறந்துவிட்டு, "துரைமார் வருவதற்குள் இறங்கிவிடணும்" என்று சைகையில் காட்டினான்.

மார்கழியில் நான் சிரித்துக்கொண்டு ஏறின பாதை. அன்றைக்கு அது ஏற ஏற முடியவே இல்லை. குளம் தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. துரையின் சாமர்த்தியத்தை நான் அன்றைக்குத் திட்டினது போல என்றும் யாரையும் திட்டினதில்லை. செம்மண் சரளை வெறுங்காலில் குத்தியது. "குடுங்கக்கா, கொஞ்சம் நான் தூக்குறேன்" என்றேன். சௌந்தரம் கொடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

மண்டபத்தில் காற்று வீசியது. ஊர் கீழே புழுதியும் அடுப்புப் புகையுமாகக் கிடந்தது. சௌந்தரம் காலியாக இருந்த நடு மண்டபத்தில் கொஞ்சம் திருநீற்றை வைத்து விழுந்து கும்பிட்டாள். பிறகு பிள்ளையை மடியில் வைத்துக் கிழக்கே பார்க்க உட்கார்ந்தாள். நான் மஞ்சள் துணியை விரித்துப் பிடித்தேன்.

நாவிதர் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, ஊதி ஊதி, அவ்வளவு பதமாகத்தான் எடுத்தார். சுருள் சுருளாக, சீழும் ரத்தமுமாக முடி என் துணியில் விழுந்தது. ஈரமும் கனமும் என் கைக்குத் தெரிந்தது. பிள்ளை அழவில்லை. அழத் தெம்பில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முடிந்தது என்று நான் துணியை மடித்தேன். சௌந்தரம் வள்ளியைத் தூக்கி என் மடியில் போட்டாள். நாவிதர் முன்னால் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள்.

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை.

"என்னக்கா செய்றீக?"

"இது அவன் மலைதானான்னு எனக்குத் தெரியாது மரகதம். நீயும் நானுமாச் சொல்லிக்கிட்டதுதான. அவன் இல்லேங்கிறானா, இருக்கட்டும். அந்தக் குத்தம் பிள்ள தலையில விழ வேணாம். என் தலை இருக்குல்ல."

எங்கள் பக்கத்தில் பெண்கள் பழனியில் மொட்டை போட்டுக்கொள்வது உண்டு. கோயிலில் அது வேண்டுதல், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கோயிலுக்கு வெளியே, புருஷன் உயிரோடு இருக்கிற பெண்ணின் தலையில் கத்தி வைப்பதா? நாவிதர் அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார், காலில் மெட்டியைப் பார்த்தார். "ஷொதொபா! ஷொதொபா!" என்று பின்னால் நகர்ந்தார். வங்காளியில் சுமங்கலி என்று அர்த்தம். இந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று கத்தியைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"அப்ப நீ வெட்டு" என்று என்னைப் பார்த்தாள் சௌந்தரம்.

"பெரியவுகள நெனச்சுப் பாத்தீகளாக்கா?"

"அவுகளத்தான் நெனைக்கேன். இன்னொரு பிள்ளையத் தூக்கிட்டுப் போக அவுக தோள்ல தெம்பு இல்ல."

எங்கள் வழக்கத்தில் சின்னப் பிள்ளை போனால் பாடை கிடையாது. தகப்பன்தான் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாவிதர் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் முடி அடர்த்தி. கத்தரி நறநறவென்று திணறியது. பாதி அறுந்ததும் நாவிதர் என் கையைப் பிடித்துக் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். இதற்கு மேல் இப்படி விட்டால்தான் பாவம் என்று முனகினார். கத்தியை மறுபடி எடுத்தார். மழித்து முடிக்கும்வரை அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடியே இருந்தது.

இரண்டு முடியையும் ஒரே துணியில் முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் புதைத்தோம். கையாலேயே தோண்ட முடிந்தது. குளத்து மண், பிசைந்த மாவு மாதிரி இருந்தது.

இறங்குகிற வழியில், கரையில்லாத வெள்ளைப் புடவை கட்டின வங்காளி விதவை ஒருத்தி எதிரே வந்தாள். தலை ஒட்ட வெட்டியிருந்தது. சௌந்தரத்தின் மொட்டைத் தலையையும் ஈரப் புடவையையும் கையில் துவண்ட பிள்ளையையும் பார்த்தாள். "ஆஹா மா! ஏய் பொயொஷே!" இந்த வயசிலா என்று கேட்டுச் சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நான் குறுக்கே போய், இல்லை அம்மா, இவள் புருஷன் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சௌந்தரம் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்த அம்மாள் அழுது முடிக்கும்வரை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சந்தனம்

டாக்டர் பாபு சொன்னபடி வந்தார், கீறினார், கழுவினார், கட்டினார். சௌந்தரத்தின் தலையை ஒரு தரம் பார்த்தார். "இனிமேல் காய்ச்சல் இறங்குகிறதா பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் பெரியவர் வந்தார். கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு. முதலில் பிள்ளையின் கட்டுப் போட்ட தலையைப் பார்த்து, "இறக்கியாச்சா?" என்று பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் அடுப்படியில் முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். முந்தானை நழுவிவிட்டது.

"நான் செத்தா போயிட்டேன்?"

அவ்வளவுதான் கேட்டார். மலையில் நடந்ததையெல்லாம் நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். கேட்டாரா என்றே தெரியவில்லை. குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். அன்றிலிருந்து அவள் கையால் சோறு வாங்கவில்லை. நான் போட்டால் சாப்பிட்டார். கோபம் என்று நான் முதலில் நினைத்தேன். கோபமில்லை, பயம். பெண்டாட்டியின் தலை தன் சாவைக் கூப்பிட்டுவிட்டது என்று மனுஷனுக்கு உள்ளுக்குள் நடுக்கம்.

தெருவில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? குழாயடியில் யாரோ பார்த்திருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க இரண்டு வங்காளி அம்மாள்கள் மாடியேறி வந்தார்கள். படியில் பெரியவர் பல் விளக்கிக்கொண்டு நின்றார். முன்னால் வந்தவள் "மா கோ!" என்று அலறிக்கொண்டு பின்னால் வந்தவள் மேலேயே விழுந்தாள். வேறு சமயமாயிருந்தால் நான் வருஷக்கணக்கில் சிரித்திருப்பேன். பெரியவர் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சௌந்தரத்துக்கு இதில் எதுவும் காதில் விழவில்லை. பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். சூடு இறங்கும், மறுபடி ஏறும். ஏறும்போதெல்லாம் அவள் தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வாள், இது போதாதா என்று கேட்கிற மாதிரி.

பிறகு ஒரு காலையில் காய்ச்சல் இறங்கினது, ஏறவில்லை. டாக்டர் பாபு கட்டைப் பிரித்தார். புண் உலர்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. "பேஷ்" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே வள்ளி எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டாள்.

பெரியவர் வேலையிலிருந்து வந்தபோது சௌந்தரம் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் வாங்கியதும் பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, எக்கி, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அம்மா தலையை ஒரு கையால் தடவினாள். தன் தலையை ஒரு கையால் தடவினாள். "அம்மாவும் மொட்ட, நானும் மொட்ட" என்று கெக்கலி கொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

சௌந்தரம் பதறி முந்தானையை இழுத்துக்கொண்டாள். பெரியவர் வாசற்படியிலேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார், கைகால் கழுவினார், சாமி மாடத்திலிருந்து சந்தனக் கல்லையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நானும் சௌந்தரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெரியவர் இழைக்க ஆரம்பித்தார். சந்தனம் இழைப்பது ஆம்பிளை வேலையாக எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. தண்ணீரை அதிகம் விட்டார், கட்டை வழுக்கியது, மறுபடி இழைத்தார். சரக்குக் கணக்கு எழுதி எழுதி விரல் காய்த்துப்போன கை. வீடு முழுக்க வாசனை எழும்பியது.

பழனியில் முடி இறக்கினால் கையோடு தலையில் சந்தனம் பூசுவார்கள். அது பூசினால்தான் வேண்டுதல் முடிந்ததாகக் கணக்கு. மண்டபத்தில் எங்களுக்கு அது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சந்தனத்துக்கு எங்கே போவது?

வள்ளியை மடியில் இழுத்து உட்கார்த்தி, புண் ஆறாத இடங்களை விட்டுவிட்டு, சுற்றிச் சுற்றிப் பூசினார். குளிர்ச்சியில் அவள் நெளிந்தாள். அப்புறம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சௌந்தரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"துணிய எடு" என்றார்.

அவள் எடுக்கவில்லை.

"சாமிக்குக் குடுத்த தலைய எதுக்குடி இப்படி மூடி வச்சிருக்க? எடுடி" என்றார். குரல் உடைந்துவிட்டது. தானே முந்தானையை விலக்கினார். உச்சியிலிருந்து பிடரி வரைக்கும், காதோரம் விடாமல், இரண்டு கையாலும் பூசினார். சௌந்தரம் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, சத்தம் போட்டு, முதல் பிள்ளைக்கும் சேர்த்து அழுதாள். அவரும் அழுதார். நான் வள்ளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அங்கே போய் நானும் அழுதேன், யார் பார்த்தார்கள்.

மறுநாள் காலை சௌந்தரம் குடத்தை எடுத்தாள். தலையில் சந்தனம் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. முந்தானையை இழுத்துவிடாமல், எப்போதும் போல இடுப்பில் செருகிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்கப் படியிறங்கிக் குழாயடிக்குப் போனாள்.